யாரும் தேநீர் கேட்காத கடற்கரை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், திகாம் பத்து என்ற ஊரில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருப்பது அபூபக்கரின் சாப்பாட்டுக் கடை. பெயர்ப் பலகையில் 1979 என்று போட்டிருப்பது சரியல்ல. அந்த ஆண்டில் அது அவருடைய அத்தா தள்ளிக்கொண்டு வந்த வண்டி மட்டுமே. தகரக் கூரை ஏறியது இரண்டு மழைக்காலம் கழித்துத்தான். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை தேநீர் போடும் இடத்தில் நிற்பவர் அபூபக்கர் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. பதினைந்து வயதில் நின்றார். அறுபத்திரண்டிலும் நிற்கிறார்.

அவருக்கு இருந்தது தூங்கினால் தீரும் அசதி அல்ல. வீட்டில் முகம் கழுவும்போதுகூட யாரோ "மாமு!" என்று கூப்பிட்டதாகத் திரும்பிப் பார்ப்பார். கூலிம் தொழிற்சாலைப் பேருந்துகளுக்குக் காத்திருப்பவர்கள், தோட்டத்துக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோருக்கும் அவர் மாமு. பெயர் சொல்லிக் கூப்பிடும் வயதுக்காரர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தடவை அவர் ஊரைவிட்டுப் போனார். மனைவி சம்சியாவுடன் உம்ராவுக்கு. குழுவை அழைத்துப்போனவர் சம்சியாவின் தம்பி சுல்கிப்லி. மக்காவில் இரண்டாம் நாள் காலை, சுல்கிப்லி ஒரு டின் பாலும் ஒரு பொட்டலம் தேயிலையுமாக அறைக்கதவைத் தட்டினார்.

"மச்சான், நம்ம ஆளுங்களுக்கு இந்த ஊர் டீ ஒத்துக்கலயாம். நீங்க இருக்கும்போது என்ன கவல?"

திரும்பும் நாள்வரை குழு முழுவதற்கும் அபூபக்கர்தான் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றும் பால் தேநீர், போட்டார். கஅபாவைச் சுற்றும் தவாஃபை முடித்துவந்து காலை நீட்டினால் கதவு தட்டப்படும். அல்லாஹ்வின் விருந்தாளிகளுக்குச் செய்த சேவை என்று அதைப் பற்றி அவர் குறை பேசியதில்லை. ஆனால் ஊர் வந்து கடையைத் திறந்தபோது, தாம் எங்கும் போய்வரவே இல்லையோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது போகவில்லை.

மகள் சாஃபியா கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். போன ஆண்டு கம்பெனி அவளைப் பயிற்சிக்காக மெக்சிகோவுக்கு அனுப்பியது. ஒரு வார இறுதியில் அவள் அங்கிருந்து பேருந்து பிடித்து, மலை இறங்கி, புவெர்த்தோ வயார்த்தா என்ற கடலோர நகரத்துக்குப் போனாள். அங்கே எடுத்த படம் ஒன்றை அத்தாவின் போனுக்கு அனுப்பினாள். இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு தூளி, அதில் ஆள் இல்லை, அப்பால் கடல்.

அபூபக்கர் மாவு ஒட்டிய விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரவு மகளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"ஒருத்தரும் இல்ல அத்தா. தமிழ் இல்ல, மலாய் இல்ல. என்னையே இந்தியாவான்னு கேட்டாங்க. மலேசியான்னேன், அது எங்க இருக்குன்னாங்க."

"டீ?"

"காபிதான்."

அவர் மறுபடியும் அந்தத் தூளியைப் பார்த்தார்.

சாஃபியா ஊர் திரும்பிய பிறகு திட்டம் போடத் தொடங்கினார்கள். அது எளிதாக இல்லை. ஜூன் முதல் அங்கே மழை, புயல். ஆகவே அதற்கு முன்பே போகவேண்டும். நோன்பு மாதத்தில் முடியாது. பெருநாள் முடிந்த கையோடு போகலாமென்றால் அது ஈஸ்டர் வாரம். "அந்த வாரம் அந்த நாடே பீச்சுலதான் இருக்கும் அத்தா, துண்டு விரிக்க இடமிருக்காது" என்றாள் சாஃபியா. அமெரிக்கா வழியாகப் போனால் அதற்குத் தனி விசா. அதனால் ஜப்பான் வழி. ஈஸ்டர் கழிந்து, ஏப்ரல் நடுவில், மூவரும் போவது என்று முடிவானது. சம்சியா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"என் தம்பி காதுக்குப் போகக்கூடாது. தெரிஞ்சா மறுநாளே குரூப் சேத்துருவான்."

அதுவே அபூபக்கரின் அச்சமும். சுல்கிப்லி வந்தால் அவருடைய குடும்பம் வரும். குடும்பம் வந்தால் டின் பால் வரும். எனவே எந்த ஊர் என்பதை யாரிடமும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். விதிவிலக்கு முருகையா மட்டும். தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் கடையின் முதல் வாடிக்கையாளர். அவரிடம் மறைக்க அபூபக்கருக்குத் தெம்பு இல்லை.

பிழை இதற்குப் பிறகு நடந்தது. நல்ல எண்ணத்தில் நடந்த பிழை.

நெடுந்தூரம் போகிறவன் பழகியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது அபூபக்கர் வளர்ந்த முறை. விமானம் என்றால் திரும்புவது நிச்சயமா? அவர் ஒருவரைக்கூட விட்டுவிட விரும்பவில்லை. பெருநாள் முடிந்ததும், தேநீரை வைக்கும்போதே ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆரம்பித்தார்.

"தூரப் பயணம் போறேன். கடை கொஞ்ச நாள் மூடியிருக்கும். டீயில குறை, பேச்சுல குறை, ஏதாச்சும் இருந்தா மாஃப் பண்ணிருங்க."

கெடாவில் அறுபது கடந்த ஒரு முஸ்லிம் கடைக்காரர் கடையை மூடிவிட்டு, கண்ணைத் தாழ்த்தி, மன்னிப்பும் கேட்டால் அவர் போகும் ஊர் எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதையும் ஆகாது. எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அல்ஹம்துலில்லா, மாமு. எங்களுக்காகவும் துஆ கேளுங்க" என்றார்கள்.

முதல் ஆள் அப்படிச் சொன்னபோதே மறுத்திருக்கலாம். அந்த நேரம் பார்த்து நான்கு மேசையிலிருந்து குரல் வந்தது. குவளை நிரம்பி வழிந்தது. இரண்டாவது ஆளிடம் மறுக்கவேண்டுமானால் முதல் ஆளிடம் ஏன் மறுக்கவில்லை என்று ஆகும். ஒரு வாரத்துக்குள் அவர் சூராவ் என்ற சிறு தொழுகைக்கூடத்தின் பக்கம் போனாலே ஆட்கள் வழிவிட்டார்கள்.

"என்ன பாய், ஊரே உன்னைய மக்காவுக்கு அனுப்பிருச்சு போல?" என்றார் முருகையா, காலைச் செய்தித்தாளுக்கு மேலாக.

"நான் அந்த ஊர் பேரையே எடுக்கல முருகையா."

"எடுக்காததுதான் தப்பு. சொல்லிடு லா."

"சொல்லிடுறேன். நாளைக்கு."

"நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில ஏரோபிளேனைத்தான் திருப்பணும் நீ."

அந்த ‘நாளைக்கு’ வருவதற்கு முன் இஸ்மாயில் வந்தார். பக்கத்துக் கடலோர ஊரான தஞ்சோங் டாவாயிலிருந்து காலைதோறும் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி மீன் கொண்டுவருகிறவர். அதிகம் பேசாதவர். அன்று மீனை இறக்கிவைத்துவிட்டு, வண்டியை எடுக்காமல் சமையல்கட்டு வாசலில் நின்றார். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று தடவை சுங்கை பட்டாணிக்கு அழைத்துப்போய் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள் என்பது அபூபக்கருக்குத் தெரியும்.

"அண்ணே, கேள்விப்பட்டேன்" என்றார். "நீங்க அங்க போனதும் அவ பேரைச் சொல்லுங்க. பெரிசா ஒண்ணும் கேக்க வேணாம். வலி இல்லாம இருக்கட்டும், அவ்வளவுதான். பேரு ஸாரா."

அபூபக்கர் வாயைத் திறந்தார். இஸ்மாயில் கையை ஈரச் சட்டையில் துடைத்து நீட்டினார். அந்தக் கை ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவரால் மெக்சிகோ என்று சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சம்சியாவிடம் சொன்னார். "டிக்கெட்டை மாத்திருவோமா? மக்காவுக்கே போயிருவோம்."

சம்சியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பொய்யை மறைக்கிறதுக்கா அல்லாஹ் வீட்டுக்குப் போவீங்க?" என்றாள். "போனா மனசோட போகணும். இப்ப உங்ககிட்ட மனசும் இல்ல, காலும் இல்ல. முதல்ல போயி எங்கயாச்சும் படுங்க."

அவர் போய்ப் படுத்தார். ஆனால் தூளி கண்ணுக்கு வரவில்லை. ஈரக் கைதான் வந்தது.

புறப்படுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை அசர் தொழுகைக்குப் பின், சூராவ் ஆட்கள் கடைக்கே வந்துவிட்டார்கள். அவரைக் கேட்காமல் ஏற்பாடு செய்த பயணக் கந்தூரி விருந்து. நெய்ச்சோற்றுச் சட்டியைத் தூக்கிவந்தவர் சுல்கிப்லி.

"எந்த ஏஜென்சி மச்சான்? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா" என்றார் வருத்தமும் சிரிப்புமாக.

மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்தார்கள். இமாம் நடுவில் உட்கார்ந்தார். முருகையா வெளியே தம் வழக்கமான நாற்காலியில், வேடிக்கை பார்க்கத் தோதாகத் திரும்பி உட்கார்ந்தார். இமாம் கைகளை ஏந்தி, "நம்ம அபூபக்கருடைய உம்ராவை ரப்பு லேசாக்கி வைக்கணும்" என்று தொடங்கினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசி வரிசையில் இஸ்மாயில் கண்ணை மூடியிருந்தார். அவர் உள்ளங்கைகள் மற்றவர்களுடையதைவிடச் சற்று மேலே இருந்தன.

"லெபை, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் அபூபக்கர் இமாமிடம்.

கைகள் அப்படியே நின்றன.

"நான் உம்ராவுக்குப் போகல. போறேன்னு சொல்லவும் இல்ல. நீங்க நினைச்சீங்க, நான் திருத்தல. அது என் தப்பு. நான் மெக்சிகோவுக்குப் போறேன். அங்க ஒரு கடற்கரை."

ஏந்திய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"மெக்சிகோவா?" என்றார் சுல்கிப்லி. "அங்க என்ன இருக்கு மச்சான்?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் போறேன்."

"போயி?"

"படுக்கப் போறேன்."

பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். "படுக்கிறதுக்கா மெக்சிகோ? மாமு, தஞ்சோங் டாவாயில நான் பாய் விரிச்சுத் தாரேன் லா!"

"அங்கயும் நீ வந்து டீ கேப்பியே" என்றார் முருகையா வெளியிலிருந்து. கடை முழுவதும் சிரித்தது. அபூபக்கர் சிரிக்கவில்லை. அவருக்கு உட்காரவேண்டும் போலிருந்தது. உட்கார்ந்துதான் இருக்கிறோம் என்பது பிறகுதான் புரிந்தது.

சுல்கிப்லி அதற்குள் போனை எடுத்துவிட்டார். "மச்சான், நல்ல ஐடியா இது. எத்தனாந் தேதி? நாங்களும் வர்றோம். நான் ஒரு பத்துப் பேரை..."

"வர வேணாம்."

சொன்னது சம்சியா. சமையல்கட்டு வாசலில், கையில் கறிப் பாத்திரத்தோடு நின்றாள்.

"நீ வர வேணாம் தம்பி. போன தடவ மக்காவுல ஹரம் வாசல்ல அவருக்குக் கால் வீங்கிக் கிடந்தப்ப, நீ டீக்கு ஆள் அனுப்புன. இந்தத் தடவ நான்கூட அவருகிட்ட ஒரு கிளாஸ் தண்ணி கேக்கப் போறதில்ல."

சுல்கிப்லி போனைச் சட்டைப்பையில் போட்டார். முகம் சிவந்திருந்தது. யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

இமாம் தொண்டையைச் செருமினார். "இங்க நாம மேற்கே பாத்துத் தொழுறோம். அங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார், அதுதான் இப்போது முக்கியம் என்பதுபோல.

"வடகிழக்கு. சாஃபியா போன்ல பாத்து வச்சிருக்கா."

"அப்பச் சரி. பயணிக்குரிய துஆ எந்த ஊருக்குப் போனாலும் ஒண்ணுதான். கையைத் தூக்குங்கப்பா, சோறு ஆறுது."

ஓதினார்கள், சாப்பிட்டார்கள். போகும்போது சிலர் அவர் தோளைத் தட்டினார்கள். சிலர் தட்டாமல் போனார்கள். பெரிய பள்ளிவாசலுக்கு இந்தப் பேச்சு இரவுக்குள் போய்விடும் என்று அபூபக்கருக்குத் தெரியும்.

இஸ்மாயில் கடைசிவரை போகவில்லை. சாப்பிடவும் இல்லை. வெளியே ஐஸ் பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். அபூபக்கர் அவரிடம் போய் நின்றார்.

"தம்பி, அன்னைக்கே சொல்லியிருக்கணும். உன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்ல வாய் வரல."

இஸ்மாயில் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார். "அவகிட்ட சொல்லிட்டேண்ணே. மாமு அங்க போயி உன் பேரைச் சொல்லுவாருன்னு. ரெண்டு நாளா நல்லா சாப்பிட்டா."

சாலையில் ஒரு தொழிற்சாலைப் பேருந்து நின்று ஆட்களை இறக்கியது.

"அங்க போயும் தொழுவீங்கல்ல?" என்றார் இஸ்மாயில்.

"தொழாம?"

"அப்ப அங்கயே சொல்லுங்க. நான் அவகிட்ட மாத்திச் சொல்லப் போறதில்ல. எந்த இடம்னு சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்." வண்டியில் ஏறினார். இன்னும் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. "மறந்துராதீங்க."

ஒருவரும் ஒன்றும் கேட்காத கடற்கரை என்று அபூபக்கர் எண்ணிவைத்திருந்த இடத்துக்கு ஒரு ஆர்டர் போய்விட்டது. பாரமாகத்தான் இருந்தது. இறக்கிவைக்கலாம் என்று தோன்றவில்லை.

"ஸாரா. வலி இல்லாம" என்றார், மேசையில் கேட்டதை அடுப்படிக்குத் திருப்பிச் சொல்லும் அதே குரலில். அப்படிச் சொன்ன எதையும் அவர் இதுவரை மறந்ததில்லை.

இஸ்மாயில் தலையை அசைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பேருந்திலிருந்து இறங்கியவர்கள் அதற்குள் மேசைகளைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"மாமு! தே தாரிக் மூணு!"

அபூபக்கர் உள்ளே போனார்.