பச்சைப் பொட்டு வைத்த கியர் பெட்டி

என் வேனில் கிளட்ச் கிடையாது. ஓசூரில் ஒரு கம்பெனிக்கு மிஷின் மாட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் அதே மாதிரி இரண்டு வண்டிகள் வைத்திருந்தார்கள். கியர் தானாக மாறும். அவர்கள் போன பிறகு கம்பெனி இரண்டையும் ஏலத்தில் விட்டது. ஒன்றை அத்திப்பள்ளியில் மரக்கடை வைத்திருந்தவர் எடுத்தார். இன்னொன்றை, அவர்களுக்கு டிரைவராக இருந்த நான் எடுத்தேன். இடது காலுக்கு வேலையில்லாத வண்டியை யாரும் நம்பவில்லை. அதனால் போட்டிக்கு ஆள் இல்லை.

அதே கம்பெனியில் வேலை செய்யும் பெண்களைக் கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஏற்றிக்கொண்டு போகும் ரூட் எனக்குக் கிடைத்தது. அந்த ரூட்டில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. எண்பதுகளின் கடைசியில், மேலுமலை ஏற்றத்தில் வண்டி இழுப்பதை நிறுத்தியது. இன்ஜின் அலறும், சக்கரம் சோம்பேறித்தனமாகச் சுற்றும். பெண்கள் சாப்பாட்டுப் பையோடு இறங்கி நடப்பார்கள்.

"பாய், நாங்க ஏறினா வண்டி நிக்குது, எறங்கினா ஓடுது. நாங்க நடக்கறதுக்குச் சம்பளம் நீங்க வாங்கறீங்க!"

மூன்றாவது முறை தாமதமானபோது கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி கூப்பிட்டார். இந்த வாரம் வேறு வண்டி விட்டுக்கொள்கிறோம், திங்கட்கிழமை ஜெனரல் ஷிஃப்டுக்கு என் வண்டி நேரத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் ரூட்டைப் புது டீசல் வேன்காரனுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எனக்குப் பேச வராது. பேச வராதவனுக்குச் சந்தேகம் அதிகம். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததையெல்லாம் பார்த்துப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறதே.

இந்த மாதிரி கியர் பெட்டியைக் கழற்றத் தெரிந்தவர் ஜூஜுவாடியில் ஒரே ஒருவர்தான். அரபு நாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். எண்ணெய் பார்க்கும் அளவுக்கம்பியை உருவி மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"சிவப்பா இருக்கவேண்டிய எண்ணெய், பாய். டிகாஷன் மாதிரி இருக்குது பாருங்க. உள்ள பிளேட்டெல்லாம் தேஞ்சு கருகிப்போச்சு."

"பிளேட் மாத்தலாமா?"

"எங்க கிடைக்கும்? பம்பாய்ல தேடணும். விட்டுட்டுப் போங்க, பார்க்கலாம்."

விட்டுவிட்டுப் போவதா? எங்கள் பக்கத்தில் வண்டியைப் பட்டறையில் விடுகிறவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். பேட்டரி, டைனமோ என்று விலையுள்ள சாமான்களில் பெயின்ட்டால் பொட்டு வைத்துவிடுவார்கள். பாதிப் பொட்டு போல்ட்டின் தலையில், பாதி பக்கத்து இரும்பில். போல்ட்டை யாராவது திருகினால் இரண்டு பாதியும் சேராது. நான் என் மகளின் நகப்பாலிஷ் சீசாவைச் சட்டைப்பையில் கொண்டு போயிருந்தேன். மேஸ்திரி டீ குடிக்கப் போனதும் வண்டிக்கு அடியில் படுத்து, கியர் பெட்டியின் அடித்தட்டு போல்ட்டுகளுக்குச் சிவப்புப் பொட்டு வைத்தேன்.

எழுந்தபோதுதான் கொட்டகை மூலையில் தார்ப்பாய் போர்த்திய வண்டியைப் பார்த்தேன். ஓரத்தைத் தூக்கினேன். என் வண்டியின் ஜோடி.

அன்றிலிருந்து பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி ஆட்களிடம் கன்னடத்தில் பேசுவார், எண்ணெய்க் கடைக்காரரிடம் தெலுங்கில் பேசுவார், சிரிப்பார். என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். என் பெட்டியை எடுத்து அந்தத் தார்ப்பாய் வண்டிக்குப் போடப் போகிறார் என்று முடிவே செய்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டி எதுக்கு நிக்குதுன்னு அவர்கிட்டயே கேட்டீங்களா?"

"இல்ல."

"கேட்டா வாய் தேஞ்சிடுமா? பிளேட்டுதான் தேஞ்சிருக்குது, வாய் நல்லாத்தானே இருக்குது!"

மறுநாள் கேட்டேன். மேஸ்திரி துணியில் கை துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார். அந்த வண்டிக்கு இன்ஜின் போய்விட்டது, மரக்கடைக்காரர் கொண்டுவந்து போட்டதோடு சரி, கியர் பெட்டி மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது என்றார்.

"அதை எடுத்து உங்களுக்குப் போட்டுடறேன். உங்களதை அதுல மாட்டிடறேன். தார்ப்பாய் மூடினா யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துக்கலாம்."

நான் பயந்தது போலவே நடக்கத்தான் போகிறது. ஆனால் ஏமாறுகிறவன் நான் இல்லை, இன்னொருவன். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம் சந்தேகம் வந்தது. அவன் வண்டியில் கை வைப்பவர் என் வண்டியில் கை வைக்க எவ்வளவு நேரமாகும்? யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, கர்நாடக எல்லை தாண்டும் பஸ்ஸில் அத்திப்பள்ளிக்கு ஏறினேன்.

மரக்கடைக்காரர் பலகைகளை அளந்துகொண்டிருந்தார். அவர் வண்டியின் கியர் பெட்டியை விலைக்குக் கேட்டேன். கன்னடம் கலந்த தமிழில் திருப்பிக் கேட்டார்.

"பெட்டி வேணுமா? யார் அனுப்பிச்சது உங்களை?"

"நானாத்தான் வந்தேன்."

"அது நல்லா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தொறந்தாச்சா?"

பட்டறையில் பேசிக்கொண்டார்கள் என்றேன். மேஸ்திரி சொன்ன யோசனையை மட்டும் சொல்லவில்லை. என் ரூட் போய்விடும் என்பதைச் சொன்னேன். அவர் அளவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு, உடனே தன் மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நேராகப் போய்த் தார்ப்பாயை விலக்கி அடியில் புகுந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வந்தது: "சரியா இருக்கு."

நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டிலும் பச்சைப் பெயின்ட் பொட்டு. பாதி இங்கே, பாதி அங்கே.

விலை படிந்தது. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். என் தேய்ந்த பெட்டியை அவர் வண்டியில் மாட்டிவிட வேண்டும். "வண்டி முழுசா நிக்கணும். வயித்துல ஓட்டை இருந்தா எவன் வாங்குவான்?" யார் தலையில் கட்டப் போகிறாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். நேராகச் சொந்தக்காரரிடம் போய்விட்டேன் என்று மேஸ்திரிக்கு என் மேல் கோபம். இரண்டு பெட்டியும் தரையில் இறங்கியதும் வெடித்துவிட்டார்.

"ஒண்ணுக்குச் சிவப்புப் பொட்டு, ஒண்ணுக்குப் பச்சைப் பொட்டு. கல்யாணத்துக்கு வந்த சம்பந்திங்க மாதிரி ரெண்டு பேரும் உக்காந்திருக்கீங்களே, சாப்பாடு போடணுமா?"

"போடுங்க மேஸ்திரி, கிளம்ப மாட்டோம்" என்றார் மரக்கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை நான் தொழுகைக்குப் போக வேண்டியிருந்தது. அவரை நம்பித்தான் போனேன். திரும்பி வந்தால் அவர் ஸ்டூல் காலியாக இருந்தது, சாப்பிடப் போய்விட்டாராம். இரண்டு பெட்டியும் மண்ணெண்ணெயில் நனைந்து பளபளத்தன. "கழுவினேன்" என்றார் மேஸ்திரி. நல்ல பெட்டிக்கு உள்ளே இருந்த பிளேட்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றனவா? குனிந்து பச்சைப் பொட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவர் என் தலைக்கு மேலேயே நின்றார். அவர் முகத்துக்கு எதிரே குனிய எனக்குக் கூச்சம். அப்படியே பெட்டி வண்டிக்குள் ஏறியது; சிவப்பு எண்ணெய் ஊற்றினார்; வண்டி நகர்ந்தது. புது எண்ணெய் ஊற்றினால் செத்த பெட்டிகூட இரண்டு நாள் ஓடும் என்று யாரோ சொன்னது, வீடு வரும்வரை காதில் இருந்தது. வீட்டில் அடியில் படுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை; பொட்டு கோணியிருந்தால் மேஸ்திரியிடம் போய்க் கேட்க எனக்கு வாய் ஏது?

திங்கட்கிழமை காலை மேலுமலை அடிவாரத்தில் பெண்கள் பழக்கத்தில் பைகளை எடுத்துக்கொண்டார்கள்.

"பாய், நிறுத்தலையா?"

நான் மிதியை விடாமல் அழுத்தினேன். காது முழுதும் பெட்டியில் இருந்தது. ஒரு முறை கியர் இறங்கியது. லேசாக ஒரு உதறல். போச்சு என்று நினைத்தேன். வண்டி இழுத்தது. லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக, நிற்காமல் இழுத்தது.

உச்சி தாண்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டு அடியில் படுத்தேன். சாலையில் எண்ணெய்ச் சொட்டு இல்லை. பச்சைப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாப் பாதிகளும் கோணாமல் சேர்ந்திருந்தன. யாரும் திறக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து நகப்பாலிஷை எடுத்து, பச்சைக்குப் பக்கத்திலேயே என் சிவப்பையும் வைத்தேன்.

"ஏய், பாய் வண்டிக்கு மருதாணி வைக்கிறாருடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

"சீக்கிரம் வைங்க பாய், ஷிஃப்டுக்கு நேரமாச்சு!"

பெட்டி சூடாக இருந்தது. வைத்த உடனே காய்ந்துவிட்டது.