ஆறாவது வார்டில் ஆளில்லை

கதவு எண் 6/52. குடியிருப்பு நிலை: காலி. குடும்ப உறுப்பினர்கள்: இல்லை. இரத்த அழுத்தம்: பொருந்தாது. சர்க்கரை: பொருந்தாது. தேவைப்படும் நலவாழ்வுச் சேவை: எதுவுமில்லை.

பேரூராட்சியின் சுகாதாரக் கணக்கெடுப்பு இப்படிச் சொல்கிறது. இந்தப் பதிவு ஏறிய காலை பதினொரு மணிக்கு, அந்தக் காலி வீட்டுக்குள் வெள்ளத்தாய் மின்விசிறிச் சத்தத்தை மீறிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தொன்பது. அடுத்த தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால், தன் வாசலில் நின்றபடியே அங்கே வரிசையை ஒழுங்குபடுத்தக்கூடிய குரல். அவரைப் பற்றி யாரும் எதையும் தவறாக நினைத்துக்கொள்ளலாம். ஆளே இல்லை என்று நினைக்க ஒரு அலுவலகத்தால்தான் முடியும்.

இதில் அலுவலகத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கிற அந்தப் பேரூராட்சியின் ஆறாவது வார்டு முழுக்க மில் ஆட்கள். மூன்றாவது ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வருகிறவர்கள், பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுப் படுப்பார்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளை வீட்டை வெளியே பூட்டிச் சாவியை மில் வாசல் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகும். சாயங்காலம் அதுவே வாங்கிவந்து திறக்கும். கதவில் பூட்டுத் தொங்கினால் சீட்டுக்காரரும் பத்திரிகை வைக்க வருகிறவரும் தட்டாமல் போய்விடுவார்கள். அந்தத் தெருவில் நிம்மதியாகத் தூங்க ஒரே வழி, வீட்டில் இல்லாமல் போவதுதான். கணக்கெடுக்க வந்த சுகாதாரச் செவிலியர் நாஜியா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். பூட்டைப் பார்த்தார், காலி என்று பதிந்தார்.

புதன்கிழமை மாலை டீக்கடையில் விஷயத்தைச் சொன்னவர் வார்டு கவுன்சிலர் குருசாமி. வெள்ளத்தாய்க்குக் கொழுந்தன் முறை.

"மதினி, புதுசா வர்ற நலவாழ்வு மையம் பதினோராவது வார்டுக்குப் போகுது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல தீர்மானம். எந்த வார்டுல குடும்பம் அதிகமோ அங்கதானாம். நம்ம வார்டுல நாப்பத்தொரு குடும்பந்தான் இருக்காம்."

"நூத்தி எம்பத்தேழு கதவு இருக்கேலே."

"மிச்சம் நூத்தி நாப்பத்தாறும் காலியாம்."

"அப்ப ஒனக்கு ஓட்டுப் போட்டது யாரு, பேய்களா?"

கடையில் சிரிப்பு எழுந்தது. குருசாமியும் சிரித்தார். அந்தச் சந்தேகம் அவருக்கே இருந்திருக்கலாம்.

பதினோராவது வார்டு பைபாஸ் ஓரத்துப் புதுப் பிளாட். அழகான வீடுகள். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஆனால் காவலாளி கேட்டைத் திறந்து, எல்லோர் பெயரையும் மரியாதையாகச் சொன்னார். கதவு திறந்து ஒருவர் பதில் சொன்னால் அது குடும்பம் என்பது விதி. நூற்று அறுபது குடும்பங்கள்.

வெள்ளத்தாய் சிரிக்கவில்லை. அவருக்கு இரத்த அழுத்தம். அரசு மாத்திரைக்கு ராஜபாளையம் போக வேண்டும், அது காலையில், காலை என்பது அவர் தூங்கும் நேரம். தூக்கமா மாத்திரையா என்று மாதாமாதம் ஒரு போட்டி நடக்கும், பெரும்பாலும் தூக்கம் ஜெயிக்கும். பங்குனியில், மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் பக்கத்தில் மயங்கி விழுந்தார். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தெருமுனையில் மையம் வந்தால் மாத்திரை கைக்கு எட்டும். வராவிட்டால் அடுத்த மயக்கம் வரைதான் வேலை.

அவர் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த கணக்கெடுப்புச் சீட்டில் நாஜியாவின் எண் இருந்தது. அப்போதே போன் போட்டார்.

"திருத்தலாம்மா. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் போன்ல கணக்கெடுப்பு ஆப் திறந்திருக்கும்," என்றார் நாஜியா. "ஆனா கதவு திறந்திருக்கணும். உள்ள இருக்கவங்க பதில் சொல்லணும், நான் பிரஷர் பாக்கணும். ஒரே நாள்ல நூத்தி நாப்பத்தாறு வீடு எப்படிம்மா?"

"நீ வா சிஸ்டர். கதவு எம் பொறுப்பு."

வியாழன் காலை ஒன்பது மணிக்கு, ஷிப்ட் முடித்த கண்களோடு வெள்ளத்தாய் டீக்கடை முன் நின்றார். உள்ளே ஆணி ஆணியாகச் சாவிகள் தொங்கின. கடைக்காரர் ஷாநவாஸ் தலையாட்டினார்.

"அது அமானிதம்க்கா. நம்பிக் கொடுத்த பொருளு. கொடுத்தவுக கேக்காம இன்னொருத்தர் கையில தர மாட்டேன்."

"கொடுத்தவுக தூங்குறாவ பாய்."

"எந்திரிச்சுக் கேக்கட்டும்."

"எந்திரிக்கணும்னா கதவத் திறக்கணும்லா."

ஷாநவாஸ் யோசித்தார். நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது.

"சரி, எங்கையில தர வேண்டாம். நீரே சாவியோட வாரும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம் தவிர வேறு எதற்கும் மூடாத கடை மூடப்பட்டது. மில் வாசலில் அது பெரிய செய்தி.

ஷாநவாஸ் பூட்டைத் திறப்பார், வெள்ளத்தாய் எழுப்புவார், நாஜியா பதிவார் என்று ஏற்பாடு. முதல் வீட்டில் இசக்கிமுத்து பாயில் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார்.

"ஏக்கா, இப்பத்தான கண்ண மூடுனேன். தீ கீ புடிச்சிருச்சா?"

"இல்லலே. நீ இருக்கியான்னு சர்க்காரு கேக்குது. இருக்கேன்னு சொல்லிட்டுப் படு."

அழுத்தம் பார்த்த நாஜியா முகம் சுளித்தார். "தூங்கி எந்திரிச்ச உடனே பாத்தா கூடத்தாம்மா காட்டும். அஞ்சு நிமிஷம் உக்காரணும்."

"அஞ்சு நிமிஷத்துல நாலு வீட்ட எழுப்பிருவேன்."

சொன்னதோடு நிற்காமல் அப்படியே செய்தார். நாஜியா ஒரு வீட்டில் பதியும்போது இவரும் ஷாநவாஸும் நான்கு வீடு முன்னே போய்விட்டார்கள். செவிலியர் வந்து சேரும்போது ஆட்கள் எழுந்து, வைது முடித்து, அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நிற்காமல் நடக்கிற நடை அது. இருபது வருஷம் மில் அவரிடமிருந்து வாங்கியதை அன்று தெரு வாங்கிக்கொண்டது.

பகல் ஒரு மணிக்கு ஐம்பது வீடு தாண்டியது. எழுந்தவர்கள் திரும்பப் படுக்கவில்லை. மூன்றாவது ஷிப்ட் முழுவதும் விழித்திருக்கும் ஒரு பகலை அந்தத் தெரு பார்த்ததேயில்லை. "ஒனக்கு எம்புட்டு?" "நூத்தி அறுவது." "எனக்கு நூத்தி எழுவதுடா." பெருமையடித்துக்கொள்ளக் கூடாத விஷயத்தில் பெருமை பறந்தது. இசக்கிமுத்து எல்லோருக்கும் மோர் ஊற்றினார். உப்பைக் குறைக்கச் சொன்னார் நாஜியா. குறைத்ததாகச் சொன்னார்கள்.

மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் விட்டது. நிஜமாகவே வெளியே போயிருந்த அறுபத்துமூன்று குடும்பங்கள் இவர்கள்தான். வழக்கமாக டீக்கடையில் அரைமணி நேரம் நிற்பார்கள். கடை மூடிக்கிடந்தது, வாசலில் கவுன்சிலர் நின்று எல்லோரையும் வீட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்தில் அவர் கையால் நடந்த மிக வேகமான வேலை அது.

நான்கு வீடுகளில் நிஜமாகவே யாருமில்லை. "இதையும் சேத்துக்கிடலாமே மதினி," என்று குருசாமி மெதுவாகச் சொன்னார்.

"காலி வீடு காலிதான். ஒழுங்கா எழுது சிஸ்டர்."

நான்கு நாற்பதுக்கு 6/52 மட்டும் மிச்சம். நாஜியா பிரஷர் பட்டையை வெள்ளத்தாயின் கையில் சுற்றினார். ஒருமுறை பார்த்தார், மறுபடி பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பத்து.

"அம்மா, மாத்திரை எப்பத் தீந்துச்சு?"

"பதினேழு நாளாச்சு."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"வாரேன். மொதல்ல அத அனுப்பு."

தெருவுக்குள் சிக்னல் இல்லை. நாஜியா இசக்கிமுத்து வீட்டு மொட்டைமாடிக்கு ஓடினார். கீழே இரண்டு ஷிப்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. போனில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. நான்கு ஐம்பத்துமூன்றுக்கு மாடியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அப்போது எழுந்த சத்தத்தில் மில்லுக்குள் இருந்த இரண்டாவது ஷிப்ட் ஜன்னலுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள்.

ஷாநவாஸ் தன் எக்ஸெல் வண்டியில் வெள்ளத்தாயை ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மாத்திரை போட்டுப் படுக்கவைத்தார்கள். மறுநாள் மதியம் வரை தூங்கினார்.

அந்தத் தூக்கத்தின்போது தீர்மானம் நிறைவேறியது. ஆறாவது வார்டில் நூற்று எண்பத்துமூன்று குடும்பங்கள், மையம் அங்கேதான். காலை ஏழு முதல் பத்து, மாலை மூன்று முதல் ஏழு என்று ஷிப்ட் விடும் நேரத்தை ஒட்டி நேரம் குறித்தார்கள். "பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று" என்று தீர்மானம் தொடங்குகிறது. பொதுமக்கள் யார், கோரிக்கையை எப்படி வைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை.

அந்த வியாழக்கிழமை வெள்ளத்தாய், தூங்கிக்கொண்டிருந்த எழுபத்தெட்டு வீடுகளை எழுப்பினார்.