நெடுந்தீவு ஆகாயத்தில் தூசி எடுத்த கதை

அலாரம் மணிக்கூட்டின் டிக் டிக்... பக்கத்தில் என் மனைவி திலகத்தின் குரல். "பதினைஞ்சு... முப்பது... நாப்பத்தைஞ்சு... இப்ப திருப்புங்கோ."

கரையில் ஒதுங்கிய சாதாளைக் கடற்புல்லின் மணம் காற்றோடு வரும். நெடுந்தீவு இருட்டு என்றால் அப்படியோர் இருட்டு. நீட்டிய கையே தெரியாது. தலைக்கு மேலே மட்டும் யாரோ உப்பைக் கொட்டிவிட்ட மாதிரி நட்சத்திரங்கள்; எங்கள் பேச்சில் வெள்ளிகள்.

எழுபதுகளின் கடைசி. நெடுந்தீவுத் தபால் கந்தோரில் எனக்கு வேலை. மூத்தவன் குகன் பிறந்து மூன்று மாதம். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு விசர் பிடித்திருந்தது.

வானத்தில் வரிசையாக மூன்று வெள்ளி நிற்குமே, அதற்குக் கீழே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கொஞ்சம் புகை தெரியும். ஓரியன் நெபுலா. புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, என் கையால் அதைப் படம் பிடிக்காவிட்டால் பிறந்ததே வீண் என்று திரிந்தேன்.

பிலிம்தான் கிடையாது. வெளிநாட்டுச் சாமான் எதுவுமே லேசில் கிடைக்காத காலம். கொழும்பிலிருந்து திலகத்தின் அண்ணை எப்படியோ ஒரு ரோல் கொண்டுவந்து தந்தார். பன்னிரண்டு படம். பிள்ளையைப் படம் எடுத்துக் காரைநகரில் மாமியாருக்கு அனுப்புவதற்கு.

இரண்டு நாள் கெஞ்சினேன். ஒன்பது படம் பிள்ளைக்கு, மூன்று புகைக்கு என்று திலகம் ஒப்புக்கொண்டாள். அடுத்த ரோல் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்றுக்குள் விழுந்தால் விழுந்ததுதான்.

பூமி சுற்றுவதால் கமராவைச் சும்மா வைத்தால் வெள்ளியெல்லாம் கோடாக இழுபடும். அதற்காக இரண்டு பலகை, அவற்றைச் சேர்க்கக் கதவுப் பிணைச்சல் ஒன்று, ஒரு நீளமான போல்ட். போல்ட்டை நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருப்பினால், மேல்பலகை கமராவையும் தூக்கிக்கொண்டு வெள்ளிக்குப் பின்னாலேயே போகும். எங்கள் வளவின், கடலில் எடுத்த முருகைக்கல் மதிலில் வைத்தேன். மலை மாதிரி அசையாது என்று பெருமை வேறு.

முதல் படம்... ஆறாவது நிமிடத்தில் பக்கத்து வளவு மாடு வந்து மதிலில் முதுகைத் தேய்த்தது.

இரண்டாவது படம்... பாதியில் பிள்ளை அழுதது. ஓடிப்போன திலகம் மணிக்கூட்டையும் கொண்டே போய்விட்டாள்.

மூன்றாவதற்குப் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு இருபது நிமிடம் எண்ணினாள். சண்டை பிடிக்காமல் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்திருந்தது அன்றைக்குத்தான். மிகவும் சந்தோசமாக இருந்தது.

பிறகு லோஞ்சில் கடல் கடந்து, பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்த ஸ்டூடியோ அண்ணை கைராசிக்காரர். கலியாணம் பேசுகிறவர்கள் பொம்பிளைப் படத்துக்கு அவரிடம்தான் போவார்கள். நெகடிவில் சின்னக் கத்தியால் சுரண்டி, பென்சிலால் தீட்டி, பரு, தழும்பு எல்லாவற்றையும் காணாமல் செய்துவிடுவார்.

மூன்று படத்தில் என்ன இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சிரிப்பார் என்று வெட்கம். அங்கேதான் பிழை நடந்தது.

அடுத்த கிழமை போனேன். மனுசனுக்குக் கண் சிவந்திருந்தது.

"தம்பி, குறை நினையாதையுங்கோ. பிள்ளையின்ரை படம் எல்லாம் நல்ல வடிவு. ரெண்டு பழுது. மற்றதிலை முழுக்கத் தூசி. நான் கழுவின தண்ணியிலைதான் பிழையோ தெரியேல்லை. ரெண்டு நாளாக் கண்ணாடி வைச்சு ஒவ்வொண்டாச் சுரண்டி எடுத்துப்போட்டன். நடுவிலை ஒரு கறை மட்டும் போகேல்லை. இன்னும் சுரண்டினால் பிலிம் ஓட்டையாப் போகும்."

நெகடிவிலேயே சுரண்டிவிட்டார், இனித் திரும்ப எடுக்க ஏலாது. அவர் தூசி என்று எடுத்தது அத்தனையும் வெள்ளி. கவரைப் பறித்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். லோஞ்சில் கவரைத் திறக்கவும் மனம் வரவில்லை.

வீட்டில் திலகம்தான் விளக்கடியில் பிரித்தாள். கண் படாமலிருக்கப் பிள்ளையின் கன்னத்தில் வைத்த நாவூறுப் பொட்டையும் ஸ்டூடியோ அண்ணை விட்டுவைக்கவில்லை. அதைப் பார்த்துத் திட்டிக்கொண்டே, மையைத் தொட்டு ஒன்பது படத்திலும் பொட்டு வைத்தாள். கடைசியில் அந்தக் கறுப்புப் படத்தை எடுத்து விளக்குக்குக் கிட்டப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ... நீங்கள் சொன்ன புகை இதுதானே?"

எட்டிப் பார்த்தேன். கன்னங்கரேலென்ற வானம். ஒரு வெள்ளி இல்லை. நடுவில் தனியாக, விளிம்பே இல்லாமல், மெல்லிய புகைத் துண்டு ஒன்று. அண்ணையின் கத்திக்கு மசியாத அந்தக் கறைதான் என் நெபுலா.

போன கிழமை குகன் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவனுக்கும் இந்த விசர் தொற்றிவிட்டது. அவனுடைய தொலைநோக்கி தானாகவே வானத்தோடு திரும்புமாம். எண்ண ஆள் தேவையில்லை, மாட்டுப் பயமும் இல்லை. அதே ஓரியன் நெபுலா, ரோசாப்பூ நிறத்தில் புகை புகையாக... ஆனால் ஒரு வெள்ளியையும் காணவில்லை.

போன் எடுத்து, வெள்ளியெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"நெபுலா வடிவாத் தெரியவேணும் எண்டு எடுத்துப்போட்டன் அப்பா. அதுக்கெண்டே ஒரு சொப்ட்வெயார் இருக்கு. இப்ப கனபேர் அப்பிடித்தான் செய்யினம்."

சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. திலகம் தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள்.

சிரித்து முடிந்த பிறகுதான் மனம் கனத்தது. கலவர காலத்தில் அந்த ஸ்டூடியோ இருந்த இடமே இல்லாமல் போயிற்று. அந்த அண்ணையின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும் திலகம் தூக்கித் திரிந்த அல்பத்தில், பொட்டு வைத்த பிள்ளைக்குப் பக்கத்தில், அந்தக் கறுப்புப் படம் இன்னும் இருக்கிறது.

இரண்டு நாள் கண் நோக இருந்து, எனக்காக ஆகாயத்தையே துப்புரவாக்கித் தந்த மனுசன்... அவருக்கு ஒரு நன்றி சொல்லாமல், மூஞ்சையை நீட்டிக்கொண்டு இறங்கி வந்தவன் நான்.