பென் டிரைவுக்குப் பூட்டுப் போட்ட கதை

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸ். கப்பலேறும் கன்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்வது வேலை. அங்கிருந்த எட்டு கம்ப்யூட்டருக்கும் நான்தான் டாக்டர். எனக்குத் தெரிந்த ஒரே சிகிச்சை, அணைத்துவிட்டு மறுபடி போடுவது.

அப்போதெல்லாம் நோய் பென் டிரைவில்தான் வரும். கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கிவைக்கும் திருவொற்றியூர் யார்டில் நெட் நிற்காது, ரோட்டில் லாரி நகராது. யார்டு கிளார்க் அண்ணன் பெட்டி எண்களின் பட்டியலைப் பென் டிரைவில் ஏற்றி, கழுத்தில் மாட்டிக்கொண்டு பைக்கில் சந்து சந்தாகப் புகுந்து வருவார். கூடவே வைரஸும் வரும். ஃபோல்டர் மாதிரி வேஷம் கட்டி உட்கார்ந்திருக்கும். தொட்டால் எட்டும் படுத்துவிடும். ஒரே மாதத்தில் மூன்று முறை எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டேன். கண் எரிச்சல், இடுப்பு வலி, இதில் வைரஸையே நான்தான் கூட்டி வந்ததுபோல ஆபீஸே முறைத்தது.

அந்தக் கடுப்பில், எந்த மெஷினிலும் பென் டிரைவ் வேலை செய்யாதபடி பூட்டினேன். திறக்கும் பாஸ்வேர்டு எனக்கு மட்டும். பதினாறு எழுத்து. திருடனே கும்பிடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மணலி குடோனில் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும் வழியில் இரண்டு மணிக்கு கிளார்க் அண்ணன் போன். போன வாரம் அவருடைய பட்டியல் தாமதமாகி இரண்டு பெட்டி கப்பலைத் தவறவிட்டிருந்தன. இன்னொன்று தங்கினால் யார்டுப் பக்கமே வராதே என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"நைனா, டிரைவே தெர்ல. ஹார்பர் கேட்ட நாலுக்கு மூடிடுவான். பாஸ்வேர்டு இன்னா?"

சொன்னேன். தப்பு என்றது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றிச் சொன்னேன். அதுவும் தப்பு. எழுதிவைத்த சீட்டு ஆபீஸ் டிராயரில். டிராயர் சாவி என் பாக்கெட்டில். நான் டேங்கர் லாரிகளுக்கு நடுவில்.

பக்கத்திலிருந்து டைப்பிஸ்ட் அக்காவின் குரல். "வைரஸ வெளிய நிறுத்துன்னா எங்கள நிறுத்திட்டு, நீ மணலில காத்து வாங்கினு கீறியா தம்பி?"

மணலி ரிஃபைனரிக் காற்றை வாங்கியவனுக்குத்தான் தெரியும் அந்தக் கேலியின் நாற்றம்.

பெட்டி உள்ளே வரும்போதே எண்ணைப் பென்சிலால் பாக்கெட் நோட்டில் குறிப்பது யார்டு வழக்கம். அண்ணன் அதை விரித்துப் படிக்க, அக்கா அடிக்க ஆரம்பித்தார். பெட்டிக்கு நாலு எழுத்து, ஏழு இலக்கம். நாற்பத்து மூன்று பெட்டி. போனை யாரும் வைக்கவில்லை.

"நாலா, ஒம்போதா?"

"வேர்வைல அழிஞ்சிகீதுக்கா. ஒம்போதுதான்."

"நான் ஏதாவது உதவி..." என்றேன்.

"நீ ஒரு உதவியும் பண்ணாத, சாமி."

நான் போய்ச் சேர்ந்தபோது நாலரை. பட்டியல் நேரத்துக்குப் போயிருந்தது. அந்த ஒன்பது மட்டும் நாலு. எண் பொருந்தாமல் அந்தப் பெட்டி ஹார்பர் கேட்டிலேயே நின்றுவிட்டது. அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "பெட்டி நின்னது அவரால இல்ல சார், என் பூட்டால."

"அவரு யார்டுலயே இருக்கட்டும். நாளையிலேர்ந்து பூட்டுக்குப் பதிலா வாசல்ல நீயே உக்காரு."

உட்கார்ந்தேன். மற்ற மெஷின்களோடு இணைக்காத பழைய கம்ப்யூட்டர் ஒன்று. வரும் பென் டிரைவ் எல்லாம் முதலில் என்னிடம். இரண்டு நிமிஷம் துடைத்து உள்ளே அனுப்புவேன். பூட்டும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை, யாருக்கும் கோபமும் இல்லை. எனக்கு மட்டும் தூக்கம் வந்தது.

அண்ணன் வந்து கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

"சீக்கிரம் பாருப்பா, கேட்ட மூடிடுவான்."

காலை மணி பதினொன்று.