இறந்த வருடம் இல்லாத படம்

ரஷ்யக் கலைஞர்களைப் பற்றி என்னிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் வேலை கெட்டது. ஆரணியில் பட்டுச்சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொடுப்பது என் தொழில். முந்தானையில் மயில் வேண்டும் என்று வருகிறவரிடம்கூட, ஓவியம் வரைவதை விட்டுவிட்டுத் துணி மில்லுக்கு வட்டமும் கோடுமாக டிசைன் போடப் போன ரஷ்யப் பெண் ஓவியரைப் பற்றி ஆரம்பித்துவிடுவேன். அவர் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததைச் சொல்லும்போது என் குரல் தானாகக் கம்மும். நாடு விட்டுப் போய் அந்நிய ஊரில் கண்மூடிய ஓவியர், எழுதியதை அச்சில் பார்க்காமலே போன கவிஞர் என்று ஆளுக்கொரு சாவு என்னிடம் தயாராக இருக்கும்.

"உங்க ரஷ்யாக்காரங்கள்ல ஒருத்தராச்சும் வேளாவேளைக்கு சாப்ட்டு, தூங்கி, நல்லா இருந்தாங்களா இல்லியா?" என்று என் மனைவி கேட்பாள். இவளுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது யோசித்தால், அவள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள்.

போன வருஷம் ரஷ்யாவிலிருந்து ஒரு பெண்மணி பட்டு நெசவைப் பார்க்க வந்தார். துணிக்கு டிசைன் செய்பவர். ஐம்பது வயதிருக்கும். பக்கத்திலிருக்கும் முள்ளிப்பட்டில் ஒரு நெசவாளர் வீட்டு மாடி அறையில் தங்கவைத்தார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றதும் ஊரில் எல்லோரும் என்னைத்தான் கை காட்டினார்கள். என் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறும். அவர் இங்கிலீஷும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் சரியாகப் போனது.

அவருக்கு ஒரே ஒரு கவலை. ரஷ்யாவில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, இதயத்தில் கோளாறு. நீ போய்த்தான் ஆகவேண்டும் என்று அந்த அம்மாவே பிடிவாதமாக மகளை அனுப்பிவைத்தாராம். தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய்ப் போன் பேசிவிட்டு இவர் கீழே இறங்கும்போது, அந்த வீட்டு நெசவுக்காரம்மா தறியை நிறுத்திவிட்டு, "அம்மா எப்படிகீறாங்க?" என்று கேட்பாள். இவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். அதற்கப்புறம்தான் தறி ஓடும். தெருவுக்கே அந்தக் கட்டை விரல் தெரியும்.

அவருடைய அம்மா என்ன வேலை பார்த்தவர் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்க எனக்கு எங்கே நேரம்? அவர் நாட்டுக் கலைஞர்களைப் பற்றி அவருக்கே நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் பாவம், தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

தறி இருக்கும் கூடத்தில் மாலை போட்ட படம் ஒன்று, சின்ன பல்பு எரிய மாட்டியிருக்கும். அது யார் என்று ஒரு நாள் கேட்டார். "எங்க மாமனாருங்க. தவறிட்டாரு" என்றாள் நெசவுக்காரம்மா. நான் அதை மொழிபெயர்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டால் அவர் உயிரோடு இல்லை என்று அர்த்தம், உயிரோடு இருப்பவர் படத்துக்கு நாங்கள் மறந்தும் போடமாட்டோம் என்று நீட்டி முழக்கிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள், வழியனுப்பு விழாவுக்கு ஒரு சின்ன ஹாலை ஏற்பாடு செய்தோம். ரஷ்யக் கலைஞர்களின் படங்களை வரிசையாக மாட்டி, மாலை போட்டு, விளக்கேற்றி மரியாதை செய்யலாம் என்றேன். என் யோசனைதான், வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. நெட்டில் தேடி எடுத்து, அடியில் பெயரும் பிறந்த, இறந்த வருஷமும் சேர்த்துப் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டிவிட்டேன். வரிசையின் கடைசியில், குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஒரு பெண் ஓவியரையும் சேர்த்தேன். தமிழில் வந்த ஒரு பழைய ரஷ்யக் கதைப் புத்தகம் என்னிடம் உண்டு. அதில் பனியில் நிற்கும் குதிரைகளை வரைந்தவர் அவர்.

என் மனைவிதான் ஒவ்வொரு படத்துக்கும் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். கடைசிப் படத்துக்கு வந்ததும் விரலை நிறுத்தினாள்.

"இன்னாங்க, மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு வருஷம் போட்டுகீது. இவங்களுக்குப் பொறந்த வருஷம் மட்டும்தான் கீது?"

"இறந்த வருஷம் நெட்ல இல்ல. புஸ்தகமே எவ்ளோ பழசு! எப்பவோ போயிருப்பாங்க. ஜல்தியா வை, ஆளுங்க வந்துகினு இருக்காங்க" என்றேன்.

வைத்தாள். சம்பங்கி மாலையை நானே என் கையால் போட்டேன். ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, சரி செய்தும் விட்டேன்.

விருந்தாளி நெசவுக்காரம்மாவுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். அந்த வீட்டில் நெய்த அரக்குப் பட்டைக் கட்டியிருந்தார். ஹாலுக்குள் வந்து படங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று பெயரைச் சொல்லி, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிப் படத்துக்கு வந்தார். நின்றார். அப்புறம் நகரவே இல்லை.

"எப்போது?" என்று மெல்லக் கேட்டார்.

எந்த வருஷம் இறந்தார் என்று கேட்கிறார், என் அறிவைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். "தேதி சரியாகத் தெரியவில்லை. நெட்டில் பார்த்தேன்" என்றேன்.

அவர் திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. "உங்களால் என்னிடம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இப்படிச் செய்தீர்கள். நன்றி" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றி என்ற சொல் மட்டும் காதில் விழ, பல்லை இளித்தேன். ஆமாம், இளித்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, "மாமா" என்றார். மறுபடியும் "மாமா" என்றார்.

தாய்மாமன் யாரையோ நினைத்து அழுகிறார் என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். நெசவுக்காரம்மாவுக்குத்தான் முதலில் உறைத்தது. தினமும் மாடியில் அவர் போனில் தன் அம்மாவை 'மாமா' என்று கூப்பிடுவதைக் கேட்டவள் அவள். "அடப்பாவி, அது அவங்க அம்மாடா!" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடிப்போய் மாலையைப் பிய்த்தெடுத்தாள். சந்தனத்தையும் குங்குமத்தையும் முந்தானையால் துடைத்தாள். கண்ணாடி முழுக்கச் சிவப்பாக இழுத்துவிட்டது, அதைப் பார்க்க இன்னும் பயங்கரமாக இருந்தது.

அம்மாவும் மகளும் வேறு வேறு குடும்பப் பெயர் வைத்திருப்பார்கள் என்பது, ரஷ்யாவைக் கரைத்துக் குடித்த எனக்குத் தோன்றவே இல்லை. நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது, செய்தி எதுவும் வரவில்லை, என் தப்பு என்று தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். அவர் நம்பவில்லை. நீதானே சொன்னாய், உயிரோடு இருப்பவர்களுக்கு மறந்தும் போடமாட்டோம் என்று? அவர் அதை வாயால் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வீடியோவில் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. பஜ்ஜித் தட்டுடன் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சாமியையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் சாமியைக்கூடக் கூப்பிடவில்லை. மாலை போட்ட இந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் இருந்தது.

அடுத்த முறை போட்டபோது திரையில் ஒரு கிழவி வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, விரலெல்லாம் நீல வர்ணத்தோடு, என்ன அவசரம் என்கிற மாதிரி சிடுசிடுவென்று ஏதோ கேட்டார். மகள் அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். நெசவுக்காரம்மா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். கிழவி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பிறகு அந்தச் சுவரைக் காட்டச் சொன்னார். மகள் போனைத் திருப்பி ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே போனார். கிழவியின் சிரிப்பு மெதுவாக நின்றுபோனது. குங்குமக் கறையோடு இருந்த தன் படத்தைக் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். என்னமோ சொன்னார். மகள் என்னைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினார்.

ஆயுசு முழுக்க ரஷ்யக் கலைஞர்களைப் பற்றிப் பேசியவன் நான். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்று தமிழில்தான் சொல்ல வந்தது.

மகள் மொழிபெயர்த்தார். "அம்மா சொல்கிறாள், மன்னிக்க ஒன்றும் இல்லையாம். ஐம்பது வருஷமாக அவள் குழந்தைகளுக்குப் படம் போடுகிறாள். எங்கள் ஊரில் அவளை ஓவியர் என்றே யாரும் மதித்ததில்லை. இவ்வளவு பெரியவர்களோடு ஒரே வரிசையில் தன்னை வைத்த மனிதரின் முகத்தை அவள் பார்க்க வேண்டுமாம். இவர்களோடு தன்னையும் வைக்க வேண்டும் என்று தோன்றியது உங்களுக்குத்தானா என்று கேட்கிறாள்."

படங்களை மாட்டியபோது சுவரில் ஒரு ஆணி மிச்சம் இருந்தது. அது வெறுமையாகத் தெரிந்தால் போட்டோவில் நன்றாக இருக்காதே என்றுதான், கடைசி நேரத்தில் கையில் கிடைத்த படத்தைப் பிரிண்ட் போட்டேன். கிழவி திரைக்கு வெகு அருகில் வந்து, பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமாங்கம்மா, நான்தான்" என்றேன்.