பத்திரிகையில் ஏறாத மரக்கப்பல்

என் சம்பந்தியின் கப்பல் ஞானமெல்லாம் கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு மிதித்துச் சம்பாதித்தது. கவுஞ்சியில் உருளைக்கிழங்கு வியாபாரி. மூத்த மகனுக்குக் கடற்படையில் டிஸ்ட்ராயர் கப்பலில் வேலை. அந்தத் திமிரோடு, கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைத் தூக்கிக்கொண்டு பூம்பாறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய இளைய மகனைத்தான் கட்டுவேன் என்று என் மகள் ஒற்றைக் காலில் நின்றாள்.

நானும் பதினைந்து வருடம் கடற்படையில் இருந்தவன். கப்பல் பேச்சு வந்தால் என் நாக்கு சும்மா இருக்காது.

"இன்னிக்கு ஒருநா வாயக் கட்டுங்க. புள்ள வாழ்க்கைங்க" என்று வெள்ளனே என் மனைவி கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

பத்திரிகையில் பிள்ளையாருக்குக் கீழே விமானம் தாங்கிக் கப்பலின் படம்.

"இது உங்க மூத்தவரு கப்பல் இல்லைங்களே. டிஸ்ட்ராயர் இதுக்குக் காவலுக்குப் போறதுங்க."

"எதா இருந்தா என்னங்க சம்பந்தி, பெருசா இருக்குல்ல!"

அட கூமுட்டை! விமானம் தாங்கி தனியாக எங்கும் போகாது. வானத்திலிருந்து வரும் ஏவுகணையை டிஸ்ட்ராயர் தடுக்க வேண்டும். நீர்மூழ்கியை ஃபிரிகேட் தேடிப் பிடிக்க வேண்டும். கரையோரத்துக்குக் கொர்வெட் என்று ஒரு பொடிசு. இந்த மனிதருக்கு எல்லாம் ஒரே மூட்டைக் கிழங்கு, அதில் பெரிசுதான் உசத்தி.

"நீங்க எதுல இருந்தீங்க?"

"மைன்ஸ்வீப்பர். மத்த கப்பலுக்கு முன்னால போயி, எதிரி கடல்ல போட்டு வச்ச கண்ணிவெடியத் தேடி அழிக்கிற கப்பல். உடம்பு மரம்."

"மரமா! ஏரியில விடுற போட்டுன்னு சொல்லுங்க!" கூட வந்தவர்களும் சிரித்தார்கள். "அதப் போட்டா நமக்குக் கேவலம். உங்க பேருக்குக் கீழ விவசாயம்னே போட்டுருவோம்."

இரும்புக்குக் காந்தக் கண்ணி வெடிக்கும், அதனால்தான் மரம் என்று தொண்டை வரை வந்துவிட்டது. அடுப்படி வாசலில் என் மகள் காப்பித் தட்டோடு நின்றாள். தட்டைக் கீழே வைக்காமல் என் வாயையே பார்த்தாள். "சரிங்க" என்றேன்.

சாயங்காலம் மஞ்சு இறங்கிப் பாதை மங்கிவிட்டது. அவர்களுடைய ஜீப் ரோட்டில் நின்றது. பூண்டு வயலோரமாக நடந்துதான் போக வேண்டும். அந்தப் பாதையில் காட்டுமாடு நிற்பதாகப் பக்கத்து வயலிலிருந்து சத்தம் வந்தது.

"சம்பந்தி, நீங்க முன்னால போய்ப் பாருங்க. நாங்க பொறத்தால வாரோம்" என்றார் டிஸ்ட்ராயரின் அப்பா.

போனேன். பதினைந்து வருடம் பார்த்த சோலிதானே! பாதை நடுவில் மாடு நின்றது. அசையாமல் நானும் நின்றேன். அது சரிவில் இறங்கிய பிறகுதான் கையசைத்தேன். அத்தனை பேரும் வெரசாக ஓடி ஜீப்பில் ஏறினார்கள். ஒரு நன்றிகூட இல்லை. வழியனுப்ப வந்த என் மகள் மட்டும் பாதையோரத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அச்சடித்த பத்திரிகை வந்தது. அதே படம். என் பெயருக்குக் கீழே விவசாயம். விவசாயம் கேவலமில்லை, இப்போது என் பிழைப்பே அதுதான். கப்பலுக்கு அதை மறைப்பாக வைத்ததுதான் கேவலம்.

முதல் பத்திரிகை எங்கள் ஊர் முருகனுக்கு. கோயிலுக்குக் கிளம்பும்போது என் மகள் அதை வாங்கி, விவசாயம் என்பதன் பக்கத்தில் பேனாவால் எழுதினாள்: மைன்ஸ்வீப்பர், கடற்படை.

"அவங்க படம் அவங்க சந்தோசத்துக்குக் கெடக்கட்டும்ப்பா. சாமிகிட்ட நாம பொய் சொல்ல வேண்டாம்."