நீல மோதிரம்

என் தம்பிக்கு மலேரியா என்று தெரிந்த அன்று நான் நாற்காலியை விட்டுத் துள்ளிக் குதித்தேன். கூடவே ஒரு கத்தல் வேறு. இன்றைக்கு எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். என் அம்மா இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், அவள் சொன்னதில் பாதிதான் உண்மை.

திருக்காட்டுப்பள்ளியில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃப்ரிட்ஜ், சுவரில் ஒரு மாதா படம். தம்பி தான்சானியாவில் ஓர் அரிசி ஆலையில் மெக்கானிக். எந்த மெஷினாக இருந்தாலும் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். தன் உடம்பு என்று வந்தால் மட்டும் சரியான மக்கு. மூன்று நாள் காய்ச்சலை மறைத்துவிட்டு, நான்காம் நாள் வீடியோவில் வந்தான். கழுத்து வரைக்கும் போர்வை.

"என்னடா இது கோலம்?"

"ஒண்ணுமில்லக்கா. வெயில்ல நின்னு வேலை பார்த்தேன். ரசம் வச்சுக் குடிச்சிருக்கேன், சரியாயிடும்."

"வெயில்ல நின்னவனுக்கு எதுக்குடா பல்லு தந்தியடிக்குது?"

அதட்டிக் கேட்ட பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. ஆலைக்குப் பக்கத்து க்ளினிக்கில் கார்டு டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் விட வேண்டும், இரண்டாவது கோடு வந்தால் மலேரியா. கோடு வரவில்லை. டைபாய்டாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. அந்தக் கார்டு சில சமயம் பொய் சொல்லும் என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று எங்கள் வயலில் சம்பா நடவு. நான் போனில் சொன்னதுதான் தாமதம், அம்மா நடவாட்களை அப்படியே விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து நின்றாள். போன வருடம் அதே ஆலையில் ஒருவர் மலேரியாவில் செத்துப்போனதை இந்த மக்கு எப்போதோ அவளிடம் உளறியிருக்கிறான். நேராக மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"தாயே, என் புள்ளைக்கு மலேரியான்னு மட்டும் வந்துடக் கூடாது. அவன் உசரத்துக்கு மெழுகுவத்தி வைக்கிறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"தாயே, அது மலேரியாவாவே இருக்கட்டும். நானும் அதே உசரத்துக்கு வைக்கிறேன்."

"கூடப் பொறந்தவளா நீ? வாயைக் கழுவுடி!"

"அம்மா, அந்த ஆளு செத்தது மலேரியாவால மட்டும் இல்ல. லேட்டாக் கண்டுபிடிச்சதால. மலேரியான்னு இன்னைக்கே தெரிஞ்சா அங்க மருந்து தயாரா இருக்கு. அது இல்லன்னா இது என்ன காய்ச்சல்னு யாருக்குத் தெரியும்?"

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு பெரியவர், சாப்பிட்ட பிறகு எடுக்கும் சர்க்கரை டெஸ்டுக்காகக் காத்திருந்தார்.

நான் தம்பியை மறுபடி போனில் பிடித்து விரட்டினேன். "குளிர் தூக்கிப்போடும்போதே க்ளினிக்குக்குப் போ. மறுபடி ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சிலைடுல தடவி மைக்ராஸ்கோப்ல பார்க்கச் சொல்லு. அங்க போனதும் நர்ஸ்கிட்ட போனைக் குடு." நர்ஸ் பொறுமைசாலி. என் இங்கிலீஷைக் கேட்டும் சிரிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிற இடத்தில் போனை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சரி என்றார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு வருடத் தொழிலில் நான் மலேரியாவை நேரில் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் டைபாய்டு வரும், டெங்கு வரும், வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். படிக்கும்போது வகுப்பே மாற்றி மாற்றிப் பார்த்த ஒரு பழைய சிலைடுதான் எனக்குத் தெரிந்த மலேரியா. அந்த தைரியத்தில்தான் கண்டம் விட்டுக் கண்டம் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் படத்தில் நர்ஸின் கட்டைவிரல். அடுத்ததில் வெறும் வெளிச்சம். பிறகு தெளிவாக வர ஆரம்பித்தது. சிலைடை நகர்த்தி நகர்த்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். எல்லாம் நல்ல ரத்த அணுக்கள். எட்டாவது படத்தைப் பெரிதாக்கினேன். ஓர் அணுவுக்குள்ளே மெல்லிய நீல மோதிரம், அதில் சிவப்புக் கல் வைத்தாற்போல ஒரு புள்ளி. பக்கத்திலேயே இன்னொன்று. அந்தப் பழைய சிலைடில் பார்த்தது அப்படியே!

"மலேரியா! மலேரியாதான்!"

பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "எனக்காம்மா?"

"உங்களுக்கு இல்லைங்க, என் தம்பிக்கு!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பாவம், அவர் சர்க்கரை அன்றைக்கு எகிறியதற்கு நானும் ஒரு காரணமாக இருப்பேன்.

நர்ஸுக்கு அந்த இடத்தைச் சொன்னேன். அவரும் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். கொண்டாட்டம் சட்டென்று வடிந்துவிட்டது. மோதிரம் இருந்தது என் தம்பியின் ரத்தத்தில் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. நான் நர்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் தம்பியே கூப்பிட்டான். போர்வை இல்லை.

"அக்கா, பசிக்குது."

அவன் அவ்வளவுதான் சொன்னான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய், போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் தம்பிக்குப் பசிக்கிறது என்று சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தான். மெழுகுவர்த்தியே அவனைவிடக் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தது. அம்மாதான் அதைச் சொல்லி வைத்து வாங்கியிருந்தாள், அவன் உயரத்துக்குச் சரியாக. கோயிலில் அவள் பற்றவைப்பாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவள் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"நீயே ஏத்துடி. உன் பொருத்தனைதானே பலிச்சுது. நான் கேட்டத மாதா குடுக்கல, நல்லவேளை."